‘லூப் ஸ்கேவெஞ்சிங்’ – மடக்கலசல்?

> ஜெர்மன் மோட்டார்சைக்கிள் நிறுவனமான டிகேடபிள்யூ பற்றிய கட்டுரைக்கு ‘லூப் ஸ்கேவெஞ்சிங்’ தமிழில் வேண்டும். ‘வளையத் துப்புரவு’ என்று போடலாமா?

வணக்கம் ஐயா.

‘வளையத் துப்புரவு’ வேண்டாம். வளையம் என்றதும் மெக்கானிக்குக்குப் பிஸ்டன் ரிங்தான் நினைவுக்கு வரும்; துப்புரவு என்றால் கரி சுரண்டுவது. இங்கே நடப்பது வேறு. டூ ஸ்ட்ரோக்கில் புகையை வெளியேற்றத் தனி ஸ்ட்ரோக் கிடையாது. சிலிண்டர் சுவரிலுள்ள ஜன்னல்களான போர்ட்கள் திறந்திருக்கும் அந்தச் சிறு நேரத்துக்குள், பிஸ்டனுக்குக் கீழுள்ள கிராங்க் கேஸிலிருந்து ஏறிவரும் புதுக் கலவையே எரிந்த புகையைத் தள்ளியாக வேண்டும்.

இந்த நுட்பம் பிறந்தது ஜெர்மனியில். அடால்ஃப் ஷ்னூர்லே 1920களில் டாய்ட்ஸ் நிறுவனத்தில் டீசல் எஞ்சினுக்காகக் கண்டுபிடித்தார். பெட்ரோல் எஞ்சினுக்கான உரிமையை 1932இல் டிகேடபிள்யூ வாங்கியது. ஜெர்மன் பெயர் ‘உம்கேர்ஷ்பூலுங்’. உம்கேர் என்றால் திரும்புதல். ஷ்பூலுங் என்றால் பாத்திரம் அலசுகிறோமே, அதே அலசல். செம்பின் ஒரு பக்கச் சுவரோடு தண்ணீரை வேகமாக விட்டுப் பாருங்கள்: அடிவரை போய், மடங்கி, மறுபக்கமாக அழுக்கோடு மேலேறும். சிலிண்டரில் இதுவே தலைகீழாக நடக்கிறது. ஆகவே ‘மடக்கலசல்’ என்பது என் பரிந்துரை.

முந்தைய முறையைக் ‘குறுக்கலசல்’ எனலாம். அதில் பிஸ்டன் தலையில் திமில் போல ஒரு மேடு. ஒரு பக்கம் நுழையும் கலவை நேரே எதிர்ப்பக்க எக்ஸாஸ்டுக்கு ஓடாமல் மேடு மேலே திருப்பிவிடும். ஆனால் மேடு கனம். சூடும் சமமாகப் பரவாது, பிஸ்டன் கோணும், ஜாம் ஆகாதிருக்கப் பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையே கிளியரன்ஸைக் கூட்ட வேண்டும். ஷ்னூர்லே மேட்டையே எடுத்துவிட்டார். எக்ஸாஸ்டின் இருபுறமும் புதுக் கலவை நுழைய ஒவ்வொரு டிரான்ஸ்ஃபர் போர்ட், இரண்டும் எக்ஸாஸ்டுக்கு முதுகு காட்டிச் சாய்ந்தவை. இரு பாய்ச்சலும் பின்சுவரில் சேர்ந்து, ஹெட் வரை ஏறி, மடங்கி இறங்கிப் புகையைத் தள்ளும்.

கட்டுரையில் ஆர்டி 125 மோட்டார்சைக்கிள் கட்டாயம் வர வேண்டும். டென்மார்க்கில் பிறந்த ராஸ்முசன் சாக்ஸனியின் ச்சோபாவ் ஊரில் தொடங்கிய டிகேடபிள்யூ 1939இல் கொண்டுவந்த வண்டி அது: சிலிண்டர் துளையின் விட்டம் 52 மி.மீ., ஸ்ட்ரோக் 58 மி.மீ., 123 சிசி. இரண்டாம் உலகப்போருக்குப் பின் பிஎஸ்ஏ பாண்டம், ஹார்லி 125, சோவியத்தின் எம்1ஏ, 1955இல் யமஹாவின் முதல் வண்டி ஒய்ஏ-1 எல்லாமே அந்த 52×58 அளவில்தான் வந்தன.

-----

> ‘அலசல்’ பத்திரிகைகளில் ‘ஆய்வு’ ஆகிவிட்டதே? மேலும் கலவை தானே மடங்குகிறது. ‘மடங்கலசல்’ அல்லவா சரி?

‘அரசியல் அலசல்’ என்ற வழக்கு தனிச்சொல்லுக்குத்தான் இடைஞ்சல். கூட்டுச்சொல்லில், அதுவும் எஞ்சின் பேச்சில், யாரும் தடுமாற மாட்டார்கள். ‘மடங்கு’ என்றால் இருமடங்கு, மும்மடங்கு நினைவுக்கு வரும். தவிர, கலவை தானாக மடங்கவில்லை. போர்ட்டின் சாய்வுதான் அதை மடக்குகிறது.

சொல் உழைக்குமா என்று வாக்கியத்தில் வைத்துப் பார்க்கலாம்:

“பிஸ்டன் தலையிலுள்ள அம்புக்குறி எக்ஸாஸ்டைப் பார்க்க மாட்டவும். திருப்பி மாட்டினால் ரிங்கின் முனை போர்ட் ஜன்னலுக்கு நேரே வந்து, சிக்கி முறியும். அடிப் பேக்கிங் ஒரு பக்க டிரான்ஸ்ஃபர் பாதையை மறைத்தாலும் கரி அடைத்தாலும் மடக்கலசல் கோணும்: ஒரு மூலையில் புகை தங்கும், புதுக் கலவை எரியாமலே எக்ஸாஸ்டில் போகும். ஐடிலில் வண்டி ஒன்றுவிட்டு ஒன்று அடிக்கும், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும்.”

எங்கும் இடறவில்லை. மிச்சமிருப்பது ஆஸ்திரியாவின் புக் நிறுவனம் செய்த இரட்டைப் பிஸ்டன் எஞ்சின். அதில் கலவை ஒரு சிலிண்டர் துளையில் ஏறி மறு துளையில் இறங்குகிறது. அதற்கு ‘ஒருபோக்கலசல்’ பொருந்துமா என்று பார்த்துச் சொல்லுங்கள்.