பெருந்தொற்றுத் திட்டத்தில் எதை முதலில் எழுதுவது?

கணக்கு டீச்சர்:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பள்ளியில் அவசரகாலத் திட்டத்தைப் புதுப்பிக்கிறார்கள். தீ விபத்தையும் வெள்ளத்தையும் மற்ற ஆசிரியர்கள் எழுதுகிறார்கள், பெருந்தொற்று என் தலையில் விழுந்திருக்கிறது. பழைய திட்டத்தை எடுத்துப் பார்த்தேன். வாசலில் சானிடைசர், நெற்றிக்கு நேரே வெப்பமானி, பெஞ்சுகளைத் தினமும் துடைப்பது, தரையில் வட்டம் போடுவது. அவ்வளவுதான். இதில் எது பரவலைக் குறைத்தது என்று தெரியாமல் அதையே மறுபடி எழுத எனக்கு மனம் வரவில்லை. கையில் பணமும் குறைவு. இரண்டு விஷயங்களைத்தான் உருப்படியாகச் செய்ய முடியும் என்றால் எவற்றைச் சொல்வீர்கள்? இந்தத் துறையில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் நல்லது.

தடம் தேடியவள்:
டீச்சர், 2020இல் தொடர்புத் தடமறியும் குழுவில் இருந்தேன். தொற்று உறுதியானவர்களைத் தொலைபேசியில் கூப்பிட்டு, யார் யாரைச் சந்தித்தீர்கள், எங்கெல்லாம் போனீர்கள் என்று கேட்பதுதான் வேலை. அதனால் என் பதில் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

முதலில் எழுத வேண்டியது: உடம்பு சரியில்லாத பிள்ளையும் ஆசிரியரும் எந்த நஷ்டமும் இல்லாமல் வீட்டில் இருக்க வழி. கேட்க சாதாரணமாக இருக்கும், ஆனால் நான் பேசியவர்களில் பெரும்பாலோர் நோயைப் பற்றி முதலில் கேட்கவில்லை. "சம்பளம் பிடிப்பார்களா?", "அம்மாவை யார் பார்த்துக்கொள்வது?" என்றுதான் கேட்டார்கள். அதற்குப் பதில் சொல்ல முடியாதபோது, யாரைச் சந்தித்தீர்கள் என்ற கேள்விக்கு எதிர்முனையில் பேச்சே வராது. தனிமையில் இருங்கள் என்று சொன்னால் மட்டும் போதாது, அப்படி இருக்க அவர்களால் முடிய வேண்டும்.

உங்கள் பள்ளியில் முழு வருகைக்குப் பரிசு உண்டா? உண்டென்றால் தயவுசெய்து அதை நிறுத்தச் சொல்லுங்கள். இருமிக்கொண்டே வரும் பிள்ளைக்கு மேடையில் கைதட்டும் ஏற்பாடு அது. விடுப்பில் இருப்பவருக்குப் பாடம் போய்ச் சேரும் வழியையும், தேர்வைத் தவறவிட்டால் மறுதேர்வு உண்டு என்பதையும் திட்டத்திலேயே எழுதி வையுங்கள்.

வெப்பமானியை நம்ப வேண்டாம். 2003இல் சார்ஸ் என்ற சுவாச நோய் வந்தபோது, பெரும்பாலும் அறிகுறி தெரிந்த பிறகுதான் அது மற்றவர்களுக்குத் தொற்றியது. அதனால் நோயாளிகளைத் தேடிப் பிரித்துவைத்தே அந்த ஆண்டு ஜூலைக்குள் பரவலை நிறுத்திவிட்டார்கள். கோவிட் அப்படியில்லை. அறிகுறி தொடங்க இரண்டு நாள் இருக்கும்போதே தொற்றியது. வாசலில் காய்ச்சல் இல்லை என்பதால் தொற்று இல்லை என்று ஆகிவிடாது.

காற்றோட்டம்:
மேலே சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். இரண்டாவது இடத்தைக் காற்றுக்குக் கொடுங்கள். கட்டடங்களில் காற்றோட்டம் அமைப்பது என் தொழில்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஸ்காஜிட் பள்ளத்தாக்கில், 2020 மார்ச் 10 அன்று ஒரு பாடகர் குழு பயிற்சிக்குக் கூடியது. வாசலில் சானிடைசர் வைத்திருந்தார்கள், கைகுலுக்கவில்லை. மூடிய கூடத்தில் இரண்டரை மணி நேரம் பாடினார்கள். வந்தவர்கள் 61 பேர், நோயுற்றவர்கள் 53 பேர் (சோதனையில் உறுதியானவர்களும் அப்படிக் கருதப்பட்டவர்களும் சேர்த்து). இருவர் இறந்தார்கள். சளி போன்ற அறிகுறியோடு அன்று வந்தவர் ஒரே ஒருவர். மேசையைத் துடைத்து இதைத் தடுத்திருக்க முடியாது.

செலவு குறைவாக வேண்டுமானால் முதலில் ஒரு கார்பன் டை ஆக்சைடு மீட்டர் வாங்குங்கள். வெளிக்காற்றில் சுமார் 420 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 420 பங்கு) காட்டும். ஜன்னல் மூடிய வகுப்பில், பாடம் முடிவதற்குள் எண் 2000ஐத் தாண்டுவதை நீங்களே பார்க்கலாம். அடுத்தவர் விட்ட மூச்சை அந்த அளவுக்கு இழுத்துக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம். எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிட்டு எண் எப்படி இறங்குகிறது என்று பாருங்கள். 800க்குக் கீழே இருந்தால் நல்லது. ஜன்னல் போதாத அறைக்கு கோர்சி-ரோசந்தால் பெட்டி என்ற காற்று வடிகட்டியை நாமே செய்யலாம்: நுண்துகள்களைப் பிடிக்கும் மெர்வ் 13 தர வடிகட்டிகள் நான்கு, மேலே ஒரு பெட்டி மின்விசிறி, ஒட்ட டேப். மாணவர்களே செய்துவிடுவார்கள்.

இரண்டு பிள்ளைகளின் அப்பா:
எல்லாம் சரி. கடைசியில் பள்ளியை மூடத்தானே செய்வார்கள்? 2020 ஏப்ரலில் உலகம் முழுக்க 150 கோடிக்கு மேற்பட்ட மாணவர்கள் வகுப்பு இல்லாமல் இருந்தார்கள். என் சின்னவள் எழுத்துக் கூட்டிப் படிக்கவே அப்புறம் ரொம்பச் சிரமப்பட்டாள். மூடுவதைத் திட்டத்தில் எழுதவே கூடாது என்பேன்.

தடம் தேடியவள்:
உங்கள் மகளைப் போன்ற பிள்ளைகள் இழந்தது பெரிய இழப்புதான். அதனால்தான் மூடுவதைப் பற்றிக் கட்டாயம் எழுத வேண்டும் என்கிறேன், எப்போது திறப்பது என்பதோடு சேர்த்து.

1918 ஃப்ளூவைப் பாருங்கள். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் செப்டம்பர் 17 வாக்கில் ஊர்மக்களிடம் நோய் தெரிந்துவிட்டது. அப்படியும் 28ஆம் தேதி போருக்குக் கடன் திரட்டும் ஊர்வலம் நடந்தது, சுமார் இரண்டு லட்சம் பேர் கூடினார்கள். அக்டோபர் 3 அன்றுதான் பள்ளிகளையும் அரங்குகளையும் மூடினார்கள். இன்னொரு அமெரிக்க நகரமான செயின்ட் லூயிஸில் அக்டோபர் 5 வாக்கில் நோய் தெரிந்தது, 7ஆம் தேதியே மூடிவிட்டார்கள். மிக மோசமான வாரத்தில், வழக்கத்தைவிடக் கூடுதலான இறப்பு லட்சம் பேருக்கு பிலடெல்பியாவில் 257, செயின்ட் லூயிஸில் கட்டுப்பாடுகள் இருந்தவரை 31. ஆனால் நவம்பரில் தளர்த்தியதும் செயின்ட் லூயிஸில் நோய் திரும்பி வந்தது, மறுபடி மூட வேண்டியிருந்தது. ஆக, மூடுவதால் நேரம்தான் கிடைக்கும். கிடைத்த நேரத்தில் காற்றோட்டம், சோதனை, தடுப்பூசி என்று எதையாவது தயார் செய்தால்தான் பிள்ளைகள் கொடுத்த விலைக்குப் பலன்.

டீச்சர், நீங்கள் கணக்கு சொல்லித்தருபவர். மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் நோயில் 15 நாள் தாமதித்தால் 32 மடங்கு. இதை முதல் பக்கத்திலேயே போடுங்கள், நிர்வாகக் குழுவுக்கு அவசரம் புரியும்.

கணக்கு டீச்சர்:
மூவருக்கும் நன்றி. வருகைப் பரிசு இங்கே உண்டு, பல வருட வழக்கம். நிறுத்தச் சொன்னால் எதிர்ப்பு வரும். ஆனாலும் அதைத்தான் முதலில் எழுதப்போகிறேன். மீட்டரை ஒன்று வாங்கி எல்லா வகுப்புக்கும் சுற்றில் விட்டால் போதுமா?

காற்றோட்டம்:
தாராளமாகப் போதும். ஆட்கள் நிறைந்திருக்கும்போது, பாடவேளை முடியும் நேரத்தில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மீட்டரை யார் மூச்சும் நேராகப் படாத இடத்தில் வையுங்கள், ஜன்னலை ஒட்டியும் வேண்டாம். எண் அதிகமுள்ள அறைக்கு முதல் பெட்டி.