அம்மாவின் பித்தப்பை ஆபரேஷன், பித்தக்குழாய் வேறு மாதிரி அமைந்திருக்கிறதாம்: வழி சொல்லுங்கள்

கோத்தகிரியில் இருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 58 வயது, பித்தப்பையில் கல், பெரியது 11 மி.மீ. மார்ச்சில் இருந்து சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வலது விலாவுக்குக் கீழே வலி பிடித்துத் தோள்பட்டை வரை ஏறுகிறது, வாந்தியும் உண்டு. காமாலை இல்லை, பிலிருபின் 0.8.

ஊட்டியில் ஸ்கேன் பார்த்து லேப்ராஸ்கோபிக்குத் தேதியே கொடுத்துவிட்டார்கள். அதற்கு முன் கோவையில் எடுத்த எம்ஆர்சிபியில்தான் (பித்தக்குழாய்களைக் காட்டும் எம்ஆர்ஐ ஸ்கேன்) சிக்கல்: கல்லீரலின் வலது பின்பகுதியில் இருந்து வரும் குழாய், மேலேயே மற்ற குழாய்களோடு சேராமல் தனியாக இறங்கி சிஸ்டிக் டக்டில், அதாவது பித்தப்பையைப் பொதுப் பித்தக்குழாயோடு இணைக்கும் சிறு குழாயில், சேர்கிறதாம். பித்தப்பையை எடுக்கும்போது கிளிப் போட்டு வெட்டுவதே அந்த சிஸ்டிக் டக்டைத்தான், சேரும் இடம் தெரியாமல் அதற்குக் கீழே வெட்டினால் கல்லீரலின் அந்தப் பகுதிப் பித்தம் அடைபடும், இல்லாவிட்டால் வயிற்றுக்குள் கசியும். ஊட்டி டாக்டர் இங்கே வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார், அதுவே பெரிய விஷயம். கோவையில் ஒருவர் பயமில்லை, வழக்கம்போலச் செய்யலாம் என்கிறார். இன்னொருவர், ஆபரேஷன் நடுவில் சாயம் செலுத்தி எக்ஸ்ரேயில் குழாய்களைப் பார்த்துவிட்டு வெட்டினால்தான் சரி என்கிறார், எனக்கும் அதுதான் படுகிறது, ஆனால் அவரிடம் அந்த வசதி இல்லை.

எண்ணெய் இல்லாத சாப்பாடு, மாத்திரை எல்லாம் ஆயிற்று, வலி குறைந்தபாடில்லை. ராத்திரி வலி வந்தால் மேட்டுப்பாளையம் மலைப்பாதையில்தான் இறக்க வேண்டும், மழைக்காலம் வேறு. முதல்வர் காப்பீட்டு அட்டை இருக்கிறது.

ஆபரேஷன் நடுவே அந்த எக்ஸ்ரே எடுக்கும் வசதியோடு, இந்த அட்டைக்குச் செய்துதரும் கல்லீரல்-பித்தக்குழாய் சர்ஜன் கோவையில் எந்த மருத்துவமனையில் இருக்கிறார்?