புதுப்பிப்பு: கொல்லிமலையில் மிளகுக்கொடி வாடிய சிக்கல்

ஆடி மழைக்குப் பின் எங்கள் கொல்லிமலைத் தோட்டத்தில் மிளகுக்கொடிகள் இலை கறுத்து, கணுக் கணுவாய்க் கழன்று விழுவதற்குக் காரணம் கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. சூடு கூடிவிட்டதால் வந்த வாட்டம் என்று அப்பாரு சொன்னதை நானும் நம்பியிருந்தேன். ஆனால், தூரைத் தோண்டிப் பார்க்கச் சொன்ன அன்பரின் யோசனைப்படி தோண்டியபோது, தேங்கிய நீருக்குள் வேர் கறுத்து அழுகியிருந்ததால், பைட்டோப்தோரா என்ற பூஞ்சணம் போன்ற நுண்ணுயிரியின் வாடல் நோய் என்பது தெளிவாயிற்று.

முதலில் வடிகால் எடுத்துவிட்டு, 1 கிலோ மயில்துத்தம் (செம்பு சல்பேட்), 1 கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் நீர் என்ற அளவில் போர்டோ கலவை என்னும் நோய்த்தடுப்பு மருந்தைத் தயாரித்தேன். சுண்ணாம்பு போதுமா என்று பார்க்க அதில் நனைத்த அரிவாளில் செம்பு படிந்தது; அப்படியானால் போதவில்லை என்று பொருள். சுண்ணாம்பு பழையது போலும், இன்னும் கொஞ்சம் சேர்த்த பின்பே படிவது நின்றது. அதன்பின் தூரிலும் இலையிலும் தெளித்தேன். நோய் மேற்கொண்டு பரவவில்லை. முன்பே வாடிய 11 கொடிகள் பிழைக்கவில்லை. நான் எதிர்பாராதது, கொடி படரும் சில்வர் ஓக் மரங்களின் கிளைகளைக் கழித்து வெயில் விழச் செய்திருந்த மேட்டுப் பகுதியில் ஒரு கொடிகூட வாடவில்லை.