குதிகால் ரத்தப் பரிசோதனை: சொந்தத்தில் கட்டியவர்களுக்கு மட்டும்தானா?

நீடாமங்கலத்துக்காரன்:
மனைவிக்கு ஒன்பதாம் மாதம். பிரசவம் அவள் அம்மா வீட்டுப் பக்கம், கும்பகோணத்தில். நான் அத்தை மகளைத்தான் கட்டியிருக்கிறேன். நியூஜெர்சியில் இருக்கும் தம்பி, அங்கே பிறக்கிற குழந்தைக்கெல்லாம் மாநில அரசே குதிகாலில் ரத்தம் எடுத்துப் பரம்பரை நோய்களைப் பார்த்துவிடும், நீயும் கேட்டுச் செய் என்கிறான். அம்மாவோ, "நம்ம வம்சத்துல யாருக்கும் ஒரு குறையும் இல்ல, பச்ச உடம்புல எதுக்கு ஊசி" என்கிறார். அவசியம்தானா?

குடவாசல் செவிலியம்மா:
அவசியம்தான் தம்பி. கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான்.

வம்சத்தில் யாருக்கும் இல்லை என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. குறையுள்ள மரபணு அப்பா, அம்மா இருவரிடமும் ஒவ்வொன்று இருந்தாலும் இருவரும் நல்லபடியாகவே இருப்பார்கள். இரண்டும் ஒரு குழந்தையிடம் சேர்ந்தால்தான் நோய். ஒவ்வொரு பிரசவத்திலும் அதற்கு நான்கில் ஒரு வாய்ப்பு. சொந்தத்தில் கட்டினால் இருவரிடமும் ஒரே மரபணு இருக்கும் வாய்ப்பு கூடுதல். ஆனால் இதே பரிசோதனையில் பார்க்கும் பிறவித் தைராய்டு குறைபாடு பெரும்பாலும் சொந்தம், அசல் பார்த்து வருவதில்லை. அதனால் எல்லாக் குழந்தைக்கும் பார்க்க வேண்டும்.

தைராய்டு குறைபாடு உள்ள குழந்தை பார்க்க நன்றாகவே இருக்கும். அழாது, தூங்கிக்கொண்டே இருக்கும். "எவ்வளவு சமத்து" என்பார்கள். மஞ்சள் காமாலை இழுத்துக்கொண்டே போனால் காலை வெயிலில் காட்டுவார்கள். இப்படியே மாதங்கள் ஓடிவிட்டால் மூளை வளர்ச்சி பாதிக்கும், அதைத் திருப்ப முடியாது. இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் மற்றப் பிள்ளைகளைப் போலவே வளரும். இது தெரிந்தும் ஒரு பிள்ளையை விட்டுவிட எனக்கு மனசு ஆறாது. கோவாவில் அரசே 2008இல் தொடங்கியது, கேரளத்தில் அரசு மருத்துவமனைகளில் செய்கிறார்கள். நம் ஊரிலும் ஒரு குழந்தை விடாமல் செய்ய வேண்டும்.

பிறந்து 48 மணி நேரம் ஆன பிறகு எடுக்கச் சொல்லுங்கள். முதல் நாளில் தைராய்டைத் தூண்டும் ஹார்மோன் இயல்பாகவே ஏறியிருக்கும், வீணாகப் பயந்துபோவீர்கள். குதிகாலின் ஓரத்தில் குத்தி, முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, அடுத்த சொட்டுகளைத் தடித்த தாளில் இருக்கும் வட்டங்களில் ஊற வைப்பார்கள். அவ்வளவுதான்.

மயிலாடுதுறை அம்மா:
என் மகளுக்குத் தைராய்டு குறைபாடு இருப்பது இப்படித்தான் தெரிந்தது. நாங்கள் சொந்தத்தில் கட்டியவர்கள் இல்லை. தாளில் வந்த முடிவை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், நரம்பில் ரத்தம் எடுத்து உறுதி செய்த பிறகே மாத்திரை தந்தார்கள். தினமும் அதைப் பொடித்து, பாலாடையில் கொஞ்சம் தாய்ப்பாலில் கரைத்துப் புகட்டுவேன். இரும்புச்சத்து, கால்சியம் சொட்டு மருந்துகளை அதோடு சேர்த்துக் கொடுக்கக் கூடாது. இப்போது இரண்டாம் வகுப்பு, வாய் ஓயாது.

நீடாமங்கலத்துக்காரன்:
நன்றி. அம்மாவிடம் படித்துக் காட்டினேன், சரி என்றுவிட்டார். வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா?

குடவாசல் செவிலியம்மா:
இரண்டு விஷயம். சிவப்பணுக்களைக் காக்கும் நொதி குறைவாக இருக்கும் ஜி6பிடி குறைபாடும் அவர்கள் பார்க்கும் நோய்ப் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். அது உள்ள குழந்தைக்கு அந்துருண்டை வாடையே ஆகாது, சிவப்பணுக்கள் உடைந்து காமாலை ஏறிவிடும். நம் வீடுகளில் பழைய வேட்டியை அந்துருண்டை போட்டுத்தானே பெட்டியில் வைக்கிறோம்? முடிவு வரும்வரை அந்தத் துணியில் குழந்தையைச் சுற்ற வேண்டாம்.

அப்புறம், படிவத்தில் உங்கள் எண்ணோடு மாமியார் எண்ணையும் எழுதுங்கள். குழந்தை அங்கேதானே இருக்கும். ஒரு வாரத்தில் தகவல் வராவிட்டால் நீங்களே போய்க் கேளுங்கள்.