வெளிநாட்டு நிறுவனம் தண்ணீர்த் திட்டத்தோடு வருகிறது, என்ன கேட்பது?

தீவகத்துப் பிள்ளை:
எங்கள் சனசமூக நிலையத்துக்கு நான்தான் செயலாளர். வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்று, உவர்த் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆர்.ஓ. பிளாண்ட் போட்டுத் தருகிறோம் என்கிறது. சித்திரை பிறந்தால் எங்கள் கிணறு உவர், தேத்தண்ணியே கரிக்கும். வேண்டாம் என்று சொல்ல மனமில்லை. ஆனால் முன்பு இன்னொரு நிறுவனம் கட்டித்தந்த மண்டபம் கண்ணுக்குள் நிற்கிறது. சக்கர நாற்காலிக்கென்று வடிவாகச் சாய்தளம் வைத்தார்கள். வாசல் படலையில் முக்கால் அடிப் படி. காலில்லாத அண்ணை ஒருவரை இன்றைக்கும் நாலு பேர் தூக்கித்தான் உள்ளே விடுகிறோம். திறப்புவிழாக் கல் மட்டும் மினுங்குகிறது. வெள்ளிக்கிழமை கூட்டம். கையெழுத்து வைக்குமுன் என்ன கேட்கலாம்?

பழைய கள உத்தியோகத்தர்:
தங்கச்சி, இப்படி ஒரு நிறுவனத்தில் பத்து வருடம் வேலை செய்தவன் நான். புரொஜெக்ட் முடியும் திகதி முதலே குறித்திருக்கும். அதற்குள் காசைச் செலவழித்து, படம் எடுத்து, அறிக்கை அனுப்ப வேண்டும். ஆகவே அந்தத் திகதிக்குப் பிறகு மெம்பிரேன், அதுதான் உப்பை வடிக்கிற சவ்வு, அதை மாற்றுவதும் கரண்ட் பில் கட்டுவதும் யார் என்று கேளுங்கள். அப்புறம், கழிவுத் தண்ணீர் எங்கே போகும்? பிளாண்ட் உப்பை அழிப்பதில்லை. நல்ல தண்ணீரைப் பிரித்துவிட்டு மிச்சத்தை முன்னதைவிட உப்பாக வெளியே விடும். நமக்கு ஆறா இருக்கிறது? சுண்ணக்கல்லுக்குள் தேங்குகிற மழைத்தண்ணீர்தான். கிணற்றடியில் விட்டால் திரும்பவும் கிணற்றுக்குத்தான் வரும்.

பளைக்காரன்:
எல்லாரையும் ஒரே கணக்கில் போடாதீர்கள். ஹலோ டிரஸ்ட் 2002 முதல் இலங்கையில் கண்ணிவெடி அகற்றுகிறது. வெளிநாட்டு நிறுவனம்தான், ஆனால் முகமாலையில் முழங்காலில் இருந்து மண்ணைச் சுரண்டியவர்களில் எங்கள் பெண்கள் எத்தனை பேர்! என் தங்கச்சி அந்தச் சம்பளத்தில்தான் பிள்ளைகளைப் படிப்பித்தாள்.

வெங்காயத் தோட்டம்:
கூட்டம் எத்தனை மணிக்கு? காலை பத்து மணி என்றால் தோட்டவேலைக்குப் போகிற பெண்கள் வரமாட்டார்கள். குடத்தோடு வரிசையில் நிற்கப்போவது அவர்கள்தானே. பைப் எந்த உயரத்தில் என்பதையும் கேளுங்கள்.

தீவகத்துப் பிள்ளை:
பத்து மணிக்குத்தான் போட்டிருந்தார்கள்! பின்னேரம் நாலரைக்கு மாற்றச் சொல்லிவிட்டேன். கழிவுத் தண்ணீர் என் யோசனையிலேயே இல்லை, நன்றி ஐயா. அண்ணையும் வருகிறார். மண்டபத்துக்குள் இல்லை, படலைக்கு வெளியே வேப்பமரத்தடியில் கதிரை போடுகிறோம்.