பஸ் 'வாஸ் ஸ்டொப்பிங்' என்றால் பஸ் நின்றதா, நிற்கவில்லையா?

மாங்குளத்தான்:
மகள் இந்த முறை ஓ.எல். சோதனை எடுக்கிறாள். 'முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் பஸ் நின்றுகொண்டிருந்தபோது அப்பா இறங்கிப் போய்த் தேங்காய் உடைத்தார்' என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது 'வென் த பஸ் வாஸ் ஸ்டொப்பிங்' என்று தொடங்கியிருக்கிறாள். ரியூசன் ரீச்சர் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு, 'அப்பா ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதித்தாரா?' என்று பக்கத்தில் எழுதிவிட்டார். கொண்டிருந்தது என்று வந்தால் வாஸ் போட்டு ஐஎன்ஜி போடு என்றுதானே எங்களுக்கும் படிப்பித்தார்கள், இதில் எங்கே பிழை?

பனங்காமம் தங்கச்சி:
அண்ணை, 'வென் த பஸ் ஸ்டொப்ட்' என்று மாற்றச் சொல்லுங்கோ, வேலை முடிந்தது.

பழைய வாத்தி:
தங்கச்சி சொன்னது சரி, ஆனால் ஏன் என்று பிள்ளைக்குத் தெரியாவிட்டால் அடுத்த கட்டுரையிலும் இதே பிழைதான் வரும். குழப்பம் எங்கள் 'நில்'லில் இருக்கிறது. ஓடி வந்து நிற்பதற்கும், நின்றபடி இருப்பதற்கும் எங்களுக்கு ஒரே சொல்; ஆங்கிலத்தில் முதலாவது ஸ்டொப், இரண்டாவது ஸ்டாண்ட். ஸ்டொப் என்பது ஒரு நொடியில் முடிகிற வேலை, அதற்கு ஐஎன்ஜி போட்டால் முடியப் போகிறது, இன்னும் முடியவில்லை என்றாகிவிடும். பிரேக் பிடித்து, வேகம் குறைந்து, சில்லு இன்னும் உருண்டுகொண்டிருக்கிற நேரம் அது. 'த ரெயின் வாஸ் ஸ்டொப்பிங்' என்றாலும் மழை விட்டுக்கொண்டு வருகிறது, தூறல் இருக்கிறது, இரணைமடுக் குளம் அதற்குப் பிறகும் நிரம்பி வான் பாயலாம். மாடு 'வாஸ் டையிங்' என்றால் உயிர் இன்னும் போகவில்லை, ஊசி போட்டுப் பிழைத்தும் விடலாம். நின்றுகொண்டிருந்த பஸ்ஸுக்கு 'வாஸ் ஸ்டாண்டிங்' என்று எழுதலாம், அதில் ஐஎன்ஜி வந்தால் குற்றமில்லை.

லண்டன் மாமா:
இங்கே பேச்சில் இன்னொன்றும் இருக்கிறது. 'ஐ வாஸ் ஸ்டொப்பிங் அட் மை ஆன்ட்ஸ்' என்றால் மாமி வீட்டில் தங்கியிருந்தேன் என்று பொருள். வந்த புதிதில் ஒருவர் இப்படிச் சொல்ல, மாமி வீட்டில் எதை நிறுத்தினார் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். சோதனையில் இதை எழுத வேண்டாம், சொல்லிப்போட்டேன்.

பழைய வாத்தி:
மாமா சொன்னது உண்மை. இன்னொன்று: 'த பஸ் வாஸ் ஸ்டொப்பிங் அட் முறிகண்டி, ஸோ வீ பிராட் கேம்ஃபர்' என்றால் அங்கே நிற்கும் என்று முன்பே தெரிந்ததால் கற்பூரம் கொண்டுபோனோம் என்றும் வரும். இதெல்லாம் ஓ.எல்.லுக்குப் பிறகு பார்க்கலாம்.

மாங்குளத்தான்:
நன்றி சேர். மகளிடம் காட்டினேன், உடனே 'வென் த பஸ் ஸ்டொப்ட்' என்று திருத்திவிட்டாள். தேங்காய்க் கதையைத்தான் திருத்த மாட்டாளாம், அன்றைக்கு நான் இறங்கியது கச்சான் கடலை வாங்க.