புறாக்குஞ்சுக்கு இரை: சிரிஞ்சா, பட்டாணியா?

முகில்: காற்றில் கூடு பிய்ந்து காட்டுப்புறாக் குஞ்சு ஒன்று மரத்தடியில் கிடக்கிறது. கண் திறந்திருக்கு, இறகெல்லாம் இன்னும் முள்ளு முள்ளாத்தான் இருக்கு. காயம் தெரியல. வாயைத் திறக்கவே மாட்டேங்குது. எப்படி ஊட்டுவது?

கூடைக்காரன்: ஊட்டவே வேண்டாம், திருப்பி வைங்க. அடியில் ஓட்டை உள்ள சின்னக் கூடையில் சுள்ளி பரப்பி, அதே மரத்தில் நிழலான கிளையில் கட்டுங்க. மனுஷக் கை பட்டால் தாய் ஒதுக்கிடும் என்பது கட்டுக்கதை. இந்த வயசுக் குஞ்சுக்குப் பெற்றவை ஒரு நாளில் சில தடவைதான் ஊட்ட வரும். அரை மணி நேரம் பார்த்துட்டு "வரலை"ன்னு தூக்கிடாதீங்க.

ஈரச்சிறகு: குஞ்சு தொட்டால் சில்லுனு இருந்தா அந்தக் கூடையே அதுக்குப் பாடை, நண்பரே. முதலில் சூடு. அட்டைப்பெட்டியின் பாதிக்கு அடியில் மட்டும் ஹீட்டிங் பேடைக் குறைந்த சூட்டில் வைங்க, மேலே துண்டு. குஞ்சு இருக்கும் பக்கம் 30 – 32 டிகிரி செல்சியஸ் போதும். செய்தித்தாள் வேண்டாம், வழுக்கி இரண்டு காலும் அகன்றுவிடும்.

வாயைத் திறக்காததும் சரிதான். காக்கைக் குஞ்சு மாதிரி புறாக்குஞ்சு அண்ணாந்து வாய் பிளக்காது, பெற்றவர் வாய்க்குள் அலகை விட்டு உறிஞ்சும். சிரிஞ்சின் முனையை வெட்டி, வழவழன்னு தேய்த்து, ரப்பர் கையுறையின் விரலை மாட்டி அதில் சின்னக் கீறல் போடுங்க. அலகு கீறலுக்குள் போனதும் தானே குடிக்கும். பறவைக்குஞ்சு ஃபார்முலாவை (குஞ்சுகளுக்கென்றே விற்கும் சத்து மாவு) வெந்நீரில் கலக்கி, கூழ் பதத்தில், 39 – 40 டிகிரியில் கொடுங்க. 43ஐத் தாண்டினால் இரைப்பை (கழுத்தடியில் இரை தங்கும் பை) வெந்துவிடும்.

பட்டாணி: முள் இறகு வந்த குஞ்சுக்கு எதுக்கு இந்த வித்தை? மூச்சுத்துளை நாக்கின் வேர்ப்பக்கமே இருக்கு. சிரிஞ்சைக் கொஞ்சம் அழுத்தினாலும் கூழ் நுரையீரலுக்குப் போகும். உறைந்த பட்டாணியை வெந்நீரில் போட்டு வெதுவெதுப்பாக்கி, ஒவ்வொன்றா நாக்கைத் தாண்டி வைத்தால் தானே விழுங்கும். வேளைக்குப் பத்துப் பதினைந்து.

ஈரச்சிறகு: சிரிஞ்சை அழுத்தச் சொன்னது யாரு? அது உறிஞ்சட்டும்னுதானே கையுறை. உங்க முறையில் ஒவ்வொரு பட்டாணிக்கும் அலகைப் பிரிக்கணும். இந்த வயசில் அலகு மெத்துன்னு இருக்கும், பலமாப் பிடித்தால் கோணிப்போகும். எண்ணிக்கையும் உதவாது. கழுத்துக்குக் கீழே இரைப்பையைத் தொட்டுப் பாருங்க. பாதி ஊதிய பலூன் மாதிரி தளதளன்னு இருந்தால் நிறுத்தணும், விறைத்தால் அதிகம். அது கிட்டத்தட்ட வற்றிய பிறகே அடுத்த வேளை. ராத்திரி கொடுத்தது காலையிலும் அப்படியே நின்றால் மேலே எதுவும் போடாதீங்க, புளித்துப்போகும். வாயில் புளிச்ச வாடை வந்தால் மருத்துவர்தான்.

பட்டாணி: இரைப்பை விஷயம் ஒத்துக்கறேன். அலகு விஷயம் பிடிக்கிற கையைப் பொறுத்தது. பக்கவாட்டில் விரல் நகத்தால் லேசா நெம்பினாலே போதும்.

ஈரச்சிறகு: வாரக்கணக்கில் வெறும் பட்டாணியே போட்டால் சுண்ணாம்புச்சத்து இல்லாமல் எலும்பு வளையும். அதையும் கையா சரிசெய்யும்?

பட்டாணி: கால்சியம் தூள் தூவணும், இல்லேன்னா ஒரு வேளை ஃபார்முலா. மூணாவது வாரத்திலிருந்து தட்டில் சின்னத் தானியம் வைத்தால் கொத்திப் பழகும். ஆனா பால், ரொட்டி மட்டும் யாரும் தொடாதீங்க. பெற்றவை இரைப்பையில் சுரந்து ஊட்டுவதற்குப் புறாப்பால்னு பேர் இருக்கேன்னு மாட்டுப்பால் ஊற்றுகிறவங்க இன்னமும் இருக்காங்க!

கூடைக்காரன்: சண்டையில் முக்கியமானதை விட்டுட்டீங்க. வாய்க்குள் பாலாடைக்கட்டி மாதிரி மஞ்சள் திட்டு இருந்தால் அது கிருமித்தொற்று, மருந்து வேணும். பூனை கவ்வியிருக்கலாம்னு சந்தேகம் வந்தால் துளை தெரியாட்டியும் அன்றைக்கே மருத்துவர்கிட்ட ஆன்டிபயாடிக். பூனை எச்சில் கிருமி பறவையைச் சீக்கிரம் கொன்றுவிடும்.

முகில்: வாய் சுத்தமா இருக்கு. இரைப்பை தட்டை. கால் சில்லுனு இருக்கு. ஃபார்முலா கலக்கட்டுமா?

பட்டாணி: கூடாது. குளிர்ந்த குஞ்சுக்கு எதுவும் செரிக்காது.

ஈரச்சிறகு: இதில் எங்களுக்குள் சண்டையே இல்லை. கால் வெதுவெதுப்பாகிற வரை பெட்டியை மூடி, சத்தமில்லாமல் வைங்க. அதுக்கப்புறம் கலக்கலாம்.